ஆயிரம் கணக்கரும் ஒரே பேரேடும்

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்று நம் பெரியோர் சொல்லிவைத்தனர். ஆற்றில் போடுவது எப்படியும் போகப்போவதுதான். அதை ஏன் அளக்க வேண்டும்? போனது போகட்டும், போனது எவ்வளவு என்ற கணக்காவது நம் கையில் நிற்கட்டும் என்பதே அதன் கருத்து. இக்கட்டுரையில் நான் கூறப்புகும் செய்தி புதிது. ஆனால் அதன் உட்பொருள் இப்பழமொழியேயாகும்.

நம்மில் பலர் வீட்டருகே ஏலச்சீட்டு நடந்ததைக் கண்டிருப்போம். இருபது பேர் மாதந்தோறும் பணம் கட்டுவர். கணக்கு நோட்டு ஒன்றே ஒன்று. அது சீட்டுப் பிடிப்பவரிடம் இருக்கும். அவர் நல்லவராக இருக்கும்வரை எல்லாம் நலமே. ஒரு நாள் காலையில் அவர் வீடு பூட்டிக் கிடந்தால்? என் தாயார் பதினொரு மாதம் கட்டிய பணம் அப்படித்தான் போயிற்று. பணம் போனதைவிட, "நான் கட்டினேன்" என்று காட்ட ஒரு வரிச் சான்றும் இல்லாமற் போனதே அவரை மிகுதியும் வருத்தியது. அந்த நோட்டின் படி ஒன்று இருபது வீட்டிலும் இருந்திருந்தால், ஒவ்வொருவரும் ஒவ்வொரு வரியையும் தாமே கூட்டிப் பார்த்திருந்தால், அவர் ஓடியிருக்கலாம், கணக்கு ஓடியிராது.

பிட்காயின் முதலிய மறையீட்டு நாணயங்களின் அடிப்படை இதுவே. நாணயத்தை வாங்கலாமா, விற்கலாமா என்பது என் பொருள் அன்று. அந்தக் கணக்கைச் சரிபார்க்கும் மென்பொருளை எவ்வாறு எழுதுவது, அதைவிட முக்கியமாக, எவ்வாறு சோதிப்பது என்பதையே இங்குக் காண்போம்.

கணு என்பது யாது?

கரும்பிலே கணு உண்டு. ஒவ்வொரு கணுவும் தனியே வேர்விட்டு முழுக் கரும்பாக வளர வல்லது. பிட்காயின் வலையில் இணைந்த ஒவ்வொரு கணிப்பொறியையும் கணு என்று அழைப்பது பொருத்தமானது. ஏனெனில் ஒவ்வொன்றும் முழுப் பேரேட்டையும் தன்னகத்தே வைத்திருக்கிறது. 2009 ஜனவரி 3ஆம் நாள் எழுதப்பெற்ற முதல் பக்கம் தொடங்கி இன்றுவரை எழுதப்பட்ட ஒவ்வொரு பக்கத்தையும் அது தானே சரிபார்க்கிறது. ஒரு பக்கத்தைத் தொகுதி என்பர். ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு ஒன்றாக வளர்ந்து, இதுவரை ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட தொகுதிகள் சேர்ந்துள்ளன.

கணுவின் வேலை என்ன? பெரும்பாலும் "மாட்டேன்" என்று சொல்வதுதான். கையொப்பம் பொய்யா? மாட்டேன். செலவழித்த காசையே மறுபடியும் செலவழிக்கிறாயா? மாட்டேன். வரவைவிடச் செலவு கூடுதலா? மாட்டேன். இப்படி மறுக்கத் தெரிந்த ஆயிரக்கணக்கான கணக்கர்கள் உலகெங்கும் இருப்பதாலேயே, தலைமைக் கணக்கர் எவரும் இன்றி அப்பேரேடு நிற்கிறது. ஆகவே ஒரு கணு மறுக்க வேண்டியதை மறுக்கத் தவறினால், அது சிறு பிழையன்று. அதன் தொழிலே தவறியதாகும்.

இரண்டு எண்கள் செய்த விபரீதம்

2010 ஆகஸ்டு 15ஆம் நாள் அத்தவறு மெய்யாகவே நேர்ந்தது. 74,638ஆம் தொகுதியில் ஒரு கொடுக்கல் வாங்கல் இடம்பெற்றது. வரவு அரை நாணயம். செலவோ இரண்டு பேருக்கு, ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ 9,223 கோடி நாணயம்! பிட்காயின் விதிப்படி உலகில் என்றைக்குமே இருக்கக்கூடிய மொத்த நாணயம் 2 கோடியே 10 லட்சந்தான். பின் எவ்வாறு கணுக்கள் இதனை ஏற்றன?

ஒரு நாணயம் 10 கோடிச் சதோஷிகளாகப் பகுக்கப்படுகிறது. கணிப்பொறி சதோஷிகளையே எண்ணுகிறது. அந்தச் செலவு ஒவ்வொன்றும் 9223372036854277039 சதோஷி. இரண்டையும் கூட்டினால் 18446744073708554078. ஆனால் அக்காலத்து மென்பொருள் குறியுடைய 64 பிட் எண்ணில் கணக்கிட்டது. அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 9223372036854775807. இவ்வெல்லையைத் தாண்டினால் என்ன ஆகும்? பழைய பேருந்தின் கிலோமீட்டர் அளவியை நினைத்துப் பாருங்கள். 99999க்குப் பின் அது 00000 காட்டும். குறியுடைய எண்ணோ எல்லையைத் தாண்டியதும் எதிரெண் பக்கத்துக்குத் தாவிவிடும். ஆகவே கூட்டுத்தொகை -997538 என்று வந்தது! ஒவ்வொரு செலவும் தனித்தனியே நேரெண். அந்தச் சோதனை தேறியது. மொத்தச் செலவு வரவைவிடக் குறைவு. அந்தச் சோதனையும் தேறியது. இல்லாத 18,446 கோடி நாணயம் பேரேட்டில் ஏறிவிட்டது.

சில மணி நேரத்திற்குள் திருத்திய பதிப்பு வெளியாயிற்று. திருந்திய கணுக்கள் அத்தொகுதியை மறுத்து வேறொரு சங்கிலியை வளர்த்தன. 74,691ஆம் தொகுதியில் அது தவறான சங்கிலியை முந்திச் சென்றது. அந்த நாணயங்கள் மறைந்தன. அன்று பிட்காயின் சிறு குழந்தை, ஆதலால் பிழைத்தது.

ரஸ்ட் காப்பதும் காவாததும்

பிட்காயினின் மூல மென்பொருள் சி++ மொழியில் எழுதப்பட்டது. பின்னர் வந்தோர் பலர் ரஸ்ட் என்னும் மொழியை நாடினர். மொசில்லா நிறுவனத்தில் வளர்ந்து, 2015 மே 15ஆம் நாள் தன் முதல் நிலைத்த பதிப்பைக் கண்ட மொழி இது. ஜீகேஷ் நாணயத்துக்கு எழுந்த ஜீப்ரா, எத்தீரியத்துக்கு எழுந்த ரெத், லைட்ஹவுஸ் ஆகிய கணு மென்பொருள்கள் ரஸ்ட்டில் எழுதப்பட்டவை.

அதன் சிறப்பு யாது? நினைவகத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் உடைமையாளர் ஒருவரே என்பது அதன் சட்டம். ஒருவர் மாற்றிக்கொண்டிருக்கையில் மற்றொருவர் அதைப் படிக்க முடியாது. கைவிட்ட பொருளை மீண்டும் தொட முடியாது. இச்சட்டத்தை மீறினால் நிரல் ஓடவே தொடங்காது. தொகுப்பி அப்போதே தடுத்துவிடும். தங்கள் மென்பொருளில் ஆண்டுதோறும் திருத்திய பாதுகாப்புக் குறைகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு நினைவகப் பிழைகளே என்று மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் 2019இல் கூறினர். அந்தப் பெரும்பகுதியை ஒரு மொழி முளையிலேயே கிள்ளுகிறதென்றால் அது எளிய செயலா?

ஆனால் தோழர்களே, நினைவகம் வேறு, விதி வேறு. பூட்டு உறுதியானது என்பதால் பெட்டிக்குள் இருக்கும் கணக்கு சரியானது என்று ஆகிவிடுமா? இவ்வேறுபாட்டை நூலில் படித்தபோது நான் உணரவில்லை, பட்டே அறிந்தேன்.

நான் செய்த பிழை

கணேஷ்கிண்டில் நாங்கள் பயிலும் இவ்வளாகத்தில், முதுகலைத் திட்டப் பணிக்காகப் பிட்காயின் விதிகளைச் சரிபார்க்கும் சிறு கணு ஒன்றை ரஸ்ட்டில் எழுதினேன். தொகைகளுக்குக் குறியில்லாத 64 பிட் எண்ணைத் தேர்ந்தேன். நாணயத்தில் எதிரெண் ஏது என்பது என் எண்ணம். 2010ஆம் ஆண்டின் அதே இரண்டு எண்களைச் சோதனையாக வைத்தேன். குறியில்லாத எண்ணின் எல்லை 18446744073709551615. பழைய கூட்டுத்தொகை அதற்குள் மயிரிழையில் அடங்கிவிட்டது! என் கணு "மாட்டேன்" என்றது. சோதனை தேறியது. "ரஸ்ட்டில் எழுதினால் இத்தகைய பிழைக்கே இடமில்லை" என்று நம் சங்கத்து இளையோரிடம் பெருமை பேசினேன்.

அங்கிருந்த முதலாண்டு வணிகவியல் மாணவர் ஒருவர் கேட்டார்: "அக்கா, அந்த எண் கொஞ்சம் பெரிதாக இருந்தால்?"

விளையாட்டாகவே கணக்கிட்டோம். ஒவ்வொரு செலவிலும் 498769 சதோஷி கூட்டினால் போதும். அப்போது ஒவ்வொன்றும் 9223372036854775808 ஆகிறது. இரண்டின் கூட்டுத்தொகை எல்லையை ஒன்றே ஒன்றால் தாண்டுகிறது. அளவி சுழன்று நிற்குமிடம் சுழி!

சோதனையை ஓட்டினோம். நிரல் திடுக்கிட்டு நின்று, "கூட்டலில் எல்லை மீறியது" என்னும் பொருள்படச் செய்தி காட்டியது. "பார்த்தீரா, ரஸ்ட் பிடித்துவிட்டது!" என்றேன். அவர் விடவில்லை. "நீங்கள் மெய்யாக ஓட்டும்போதும் இப்படித்தான் நிற்குமா?" என்றார். அதையும் பார்த்துவிடுவோம் என்று, விரைவுக்காகச் செப்பம் செய்த வெளியீட்டு நிலையில் அதே சோதனையை ஓட்டினேன். வரவு அரை நாணயம், செலவு சுழி, ஏற்றுக்கொள்ளப்பட்டது. என் கணு கண்ணிமைக்காமல் பதினெட்டாயிரம் கோடிக்கு மேற்பட்ட நாணயத்தை ஒன்றுமில்லாததிலிருந்து படைத்துத் தந்தது.

காரணம் இதுவே. ரஸ்ட் நிரலைச் சோதனை நிலையில் தொகுத்தால், ஒவ்வொரு கூட்டலிலும் எல்லை மீறல் கவனிக்கப்படுகிறது. வெளியீட்டு நிலையிலோ, நாம் தனியே கேட்டாலொழிய, அக்கவனிப்பு விரைவை வேண்டி நீக்கப்படுகிறது. எண் ஓசையின்றிச் சுழன்றுவிடுகிறது. இது மொழியின் மறைவான குற்றமன்று. அதன் கையேட்டிலேயே எழுதப்பட்டுள்ளது. நான்தான் படித்தும் பொருட்படுத்தவில்லை. நான் சோதித்தது ஒரு நிரல். ஓட்டவிருந்தது வேறொரு நிரல்!

திடுக்கிட்டு நிற்பது மட்டும் நல்லதா என்றால், அதுவுமன்று. முகமறியாத ஒருவர் அனுப்பும் ஒரே செய்தியால் கணு நின்றுவிடுமானால், அவர் உலகிலுள்ள கணுக்களையெல்லாம் ஒரே நாளில் நிறுத்திவிடலாம். கணக்கர் பொய்க் கணக்கைக் கண்டு மயங்கி விழவும் கூடாது. அதில் கையெழுத்திடவும் கூடாது. மறுத்துவிட்டு அடுத்த கணக்கைப் பார்க்க வேண்டும்.

அதற்கும் ரஸ்ட்டில் வழியுண்டு. சரிபார்த்துக் கூட்டும் செயல் ஒன்று உள்ளது. அது வெறும் எண்ணைத் தருவதில்லை; "விடை உண்டு, இது" என்றோ "விடை இல்லை" என்றோ கூறுகிறது. விடை இல்லாதபோது என்ன செய்வாய் என்று நாம் எழுதாவிட்டால் தொகுப்பி நம்மை விடாது. இத்துடன் பிட்காயினின் விதியையும் சேர்த்தேன்: ஒவ்வொரு செலவும், அதைக் கூட்டிய பின் வரும் ஒவ்வொரு தொகையும், 2 கோடியே 10 லட்சம் நாணயத்தைத் தாண்டலாகாது. திருத்தம் ஆறு வரி. அதைக் கண்டறிய எனக்கு வேண்டியிருந்ததோ, கணக்குப் பயிலும் ஒரு மாணவரின் வினா.

சோதிக்கும் முறை

இப்பிழைக்குப் பின் என் சோதனைகளை மூன்று படியாக அமைத்தேன். இத்துறையில் இறங்க விரும்புவோர்க்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதற்படி, விதிக்கு ஒரு சோதனை. ஒவ்வொரு விதிக்கும் இரு பக்கம் உண்டு: ஏற்க வேண்டியதை ஏற்கிறதா, மறுக்க வேண்டியதை மறுக்கிறதா? இவற்றை எல்லைக்கோட்டின் மேலேயே வைத்துப் பார்க்க வேண்டும். சுழி, ஒன்று, மேல்வரம்பு, மேல்வரம்புடன் ஒன்று, எண் வகையின் கடைசி எண் ஆகியவை கட்டாயம் இருக்க வேண்டும். அனைத்தையும் சோதனை நிலையிலும் வெளியீட்டு நிலையிலும் இருமுறை ஓட்ட வேண்டும்.

இரண்டாம் படி, குருட்டாம்போக்குச் சோதனை. கணிப்பொறியே ஆயிரமாயிரம் கொடுக்கல் வாங்கல்களைப் புனைந்து கணுவிடம் நீட்டும். நாம் ஓர் உண்மையை மட்டும் சொல்லிவைப்போம்: கணு ஏற்ற எதிலும் செலவு வரவைத் தாண்டியிருக்கலாகாது. இதைச் சரிபார்க்கும் கூட்டலைக் கணுவின் கூட்டலைக்கொண்டே செய்தால் பயனில்லை. 128 பிட் எண்ணில் தனியே செய்ய வேண்டும். இச்சோதனை என்னிடம் முன்பே இருந்தது. ஆயினும் பிழை அகப்படவில்லை. ஏன்? நான் புனையச் சொன்ன எண்கள் யாவும் 2 கோடியே 10 லட்சம் நாணயத்துக்கு உட்பட்டவை. நல்லவர் எழுதும் கணக்கை மட்டும் புனைந்துவிட்டு, கள்வன் எழுதும் கணக்கைப் புனைய மறந்துவிட்டேன்.

மூன்றாம் படி, முழுக் கணுவைச் சோதித்தல். உண்மை வலையில் இதைச் செய்தல் தகாது. பிட்காயின் மென்பொருளிலேயே ரெக்டெஸ்ட் என்னும் தனி ஆடுகளம் உண்டு. மேசையில் உள்ள ஒரே கணிப்பொறியில் இரண்டு கணுக்களை ஓட்டி, நினைத்தபோது தொகுதிகளைப் படைக்கலாம். புதிதாகப் பிறந்த நாணயம் நூறு தொகுதி மூத்தபின்பே செலவுக்கு வரும் என்பது விதி. ஆதலால் முதலில் 101 தொகுதிகளைப் படைப்பர். பின்னர் இரு கணுக்களையும் பிரித்து, ஒன்றில் இரண்டு தொகுதியும் மற்றொன்றில் மூன்று தொகுதியும் வளர்த்து மீண்டும் இணைப்பர். முதற்கணு தன் இரண்டையும் கைவிட்டு மூன்றை ஏற்க வேண்டும். கைவிட்ட பக்கங்களின் வரவு செலவு ஒரு சதோஷியும் பிசகாமல் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். எழுதுவதைவிட எழுதியதைச் சரியாக அழிப்பது கடினம் என்பதை அன்று அறிந்தேன்.

எல்லோரும் ஒத்துப்போதல்

மற்ற மென்பொருளுக்கு இல்லாத ஒரு சுமை கணுவுக்கு உண்டு. தான் சரியாயிருந்தால் மட்டும் போதாது. மற்றக் கணுக்களோடு ஒத்திருக்கவும் வேண்டும்.

2013 மார்ச்சு 11, 12 நாள்களில் நடந்ததைக் கேளுங்கள். பிட்காயினின் 0.8ஆம் பதிப்பு புதியதொரு தரவுத்தளத்துக்கு மாறியிருந்தது. 225,430ஆம் தொகுதி சற்றுப் பெரியது. புதிய பதிப்பு ஏற்றது, பழைய 0.7ஆம் பதிப்போ தன் தரவுத்தளத்தில் இருந்த ஒரு வரம்பால் மறுத்தது. அப்படி ஒரு வரம்பு இருப்பதை எவரும் விதியாக எழுதவில்லை. ஆயினும் சங்கிலி இரண்டாகப் பிளந்தது. புதியது செய்ததே முறை எனினும், பேரேடு ஒன்றாக இருக்கும்பொருட்டு எல்லோரும் பழைய பதிப்பின் பக்கம் திரும்பினர். புதிய பக்கத்தின் 24 தொகுதிகள் கைவிடப்பட்டன.

2018 செப்டம்பரில் வேறொரு குறை வெளிப்பட்டது. ஒரே காசை ஒரே கொடுக்கல் வாங்கலில் இருமுறை வரவாகக் காட்டுவதைத் தடுக்கும் சோதனை ஒன்று, விரைவை வேண்டி நீக்கப்பட்டிருந்தது. அதனால் 0.14ஆம் பதிப்பின் கணுக்கள் நின்றுவிடக்கூடும்; அதன் பின்வந்தவையோ இல்லாத நாணயத்தை ஏற்றுக்கொள்ளவும் கூடும். என் சிறு கணுவுக்கு இருந்த அதே இரண்டு நோய்கள்! எவரும் அதைக்கொண்டு பிட்காயினைச் சூறையாடுமுன் 0.16.3ஆம் பதிப்பு அதைத் திருத்தியது.

ரஸ்ட்டில் எழுதப்பட்ட சொலானா வலையும் 2024 பிப்ரவரி 6ஆம் நாள் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் நின்றது. தொகுத்த நிரலையே மீண்டும் மீண்டும் தொகுக்கும் முடிவிலாச் சுழல் ஒன்றில் கணுக்கள் சிக்கின. பெரும்பாலான கணுக்கள் ஒரே மென்பொருளை ஓட்டியதால் ஒன்றாகவே சிக்கின. ஆகவேதான் எத்தீரியம் போன்ற வலைகளில் வெவ்வேறு மொழியில் வெவ்வேறு குழுவினர் எழுதிய கணுக்கள் இருப்பதை நன்மையாகக் கருதுகின்றனர். ஆயிரம் கணக்கர் இருந்தும் எல்லோரும் ஒரே வாய்பாட்டைத் தப்பாகப் படித்திருந்தால் என்ன பயன்?

நமக்கு என்ன?

இதெல்லாம் கணிப்பொறி மாணவர்க்கு மட்டும் உரிய செய்தி என்று எண்ண வேண்டா. 2018இல் இந்தப் புனே நகரக் காவல்துறை ஒரு பெரிய பிட்காயின் மோசடி வழக்கைக் கையிலெடுத்தது. போட்ட நாணயத்துக்கு மாதம் 10 விழுக்காடு வீதம் 18 மாதம் தருவோம் என்பது அத்திட்டத்தின் வாக்குறுதி. 2022 மார்ச்சில், அவ்வழக்கின் புலனாய்வுக்கு உதவிய வல்லுநர் இருவரே கைப்பற்றிய நாணயங்களைத் தம்பக்கம் மாற்றிக்கொண்டனர் என்று குற்றஞ்சாட்டிக் காவல்துறை அவர்களைக் கைது செய்தது. பேரேடு உலகுக்கெல்லாம் திறந்து கிடந்தது. ஆனால் மக்கள் நம்பியது பேரேட்டையன்று, பேச்சை. எந்தக் கணுவின் எந்த விதியும் மாதம் 10 விழுக்காடு தருவதில்லை. அந்த ஒரு வரியைத் தேடிப் பார்த்திருந்தால் போதும். என் தாயாரின் சீட்டுக்கும் இதற்கும் வேறுபாடு தொகையில் மட்டுமே.

ஆகவே விடுதியில் எவரேனும் வந்து இத்தகைய திட்டத்தைச் சொன்னால், "எந்த விதிப்படி, எந்தக் கணக்கில்?" என்று கேளுங்கள். நிரல் எழுதத் தெரியாதோரும் இதைக் கேட்கலாம். என் பிழையைப் பிடித்தவர் நிரல் எழுதாதவர்தாமே!

இறுதியாக, ஆர்வமுடையோர்க்கு ஒரு பயிற்சி. தொகுதி ஒன்றுக்குரிய பரிசு முதலில் 500 கோடிச் சதோஷி. 210,000 தொகுதிக்கு ஒருமுறை அது பாதியாகும். எத்தனை முறை பாதியாகிறதோ அத்தனை இடம், 64 பிட் எண்ணின் பிட்டுகளை ஒரே வீச்சில் வலப்புறம் நகர்த்துவதாக இதை எழுதுவர். 33 இடம் நகர்த்தியதும் பரிசு சுழியாகிவிடும். 64ஆம் முறை, அதாவது 13,440,000ஆம் தொகுதியில், ரஸ்ட்டின் சோதனை நிலையில் என்ன நிகழும்? வெளியீட்டு நிலையில் என்ன நிகழும்? பிட்காயினின் மூல மென்பொருளில் இதே குறை இருந்து 2014இல் திருத்தப்பட்டது. அந்தத் தொகுதி பிறக்க இன்னும் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் இருக்கிறது என்று வாளாவிருக்காமல், எழுதி, இரண்டு நிலையிலும் ஓட்டிப் பாருங்கள். விடையோடு வருவோரைச் சங்க அறையில் சந்திக்கக் காத்திருக்கிறேன்.